கிஷன் கை காட்டின ஆள்

இல்ல தம்பி, ரொட்டி அப்புறம் போடலாம். மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு. ஆறு பேரு சேர்ந்து ஒரு கதவச் சாத்துறாங்க. யாரு சாத்துனதுன்னு போய்க் கேட்டா ஆறு பேருமே நான் இல்ல, பக்கத்து ஆளுங்கிறான். ஒருத்தனும் பொய் சொல்லல. ஆனா கதவு சாத்தித்தான் கெடக்கு. அது என்ன?

யோசி, யோசி. மத்தியானக் கூட்டம் போயாச்சு. உங்க முதலாளி மேல படுத்திருக்காரு, பாத்துட்டுத்தான் வந்தேன். வெளிய மழ வேற, இந்த மழையில பிரிக்பீல்ட்ஸ்ல எவன் வரப்போறான். உக்காரு. உக்கார மாட்டியா? சரி, நில்லு. தொடச்ச மேசையையே தொடச்சிக்கிட்டு நில்லு.

தெரியல. பரவால்ல, படிச்சவனுக்கே தெரியாது. அது ஒப்பராசி பெர்சாமா. எல்லா இலாகாவும் ஒண்ணா எறங்கிச் செய்யிற வேல. கூட்டு நடவடிக்கைன்னு நம்ம பேப்பர்ல போடுவான்ல, அதேதான். இந்த விடுகதய எனக்குச் சொன்னது சுகுமாறன். என் கூடப் பொறந்தவன், எனக்கு எளையவன். புத்ராஜெயாவுல அரசாங்க உத்தியோகம். நான் தம்புசாமி. கிள்ளான்ல லோரி தம்புசாமின்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க.

உன்னயும் எனக்குத் தெரியும்லா. இர்ஃபான். ஜமால் முகமதோட தம்பி. ஏன் மொகம் மாறுது? உங்க அண்ணனப் பத்தி நல்லதாத்தான் பேசப்போறேன். அவன் எப்படிப் பிடிபட்டான்னு உனக்கு என்ன சொன்னாங்க? வேல பெர்மிட்டு பிரச்சின. அவ்ளோதானா? அப்ப உனக்குப் பாதிகூடத் தெரியாது. நான் அந்த எடத்துலயே நின்னவன். தே தாரே ஒண்ணு போட்டு வா, சீனி கொறச்சு. சொல்றேன்.

ம்ம். நல்லா ஆத்துற.

கேளு. இந்தக் கதையில கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். கிஷன் யாருகூட இருக்கப்போறான்? கிஷன் சுகுமாறனோட மகன். அப்ப ஏழு வயசு, இப்ப எட்டு. அம்மா பேரு மலர்விழி, ஆஸ்பத்திரியில நர்ஸ். ரெண்டு பேருக்கும் ஆகாமப் போச்சு. அந்தப் பொண்ணு கோவிச்சிக்கிட்டு ஸ்ரீ கெம்பாங்கான்ல அதோட அக்கா வீட்டுக்குப் போயிருச்சு. பையனக் கூட்டிட்டுப் போகப் பாத்துச்சு, இவன் விடல. எனக்குத்தான் பிள்ளைன்னு ரெண்டு பேரும் கோர்ட்டுல நிக்கிறாங்க.

காரணமா? பெரிய காரணம் ஒண்ணும் இல்ல. சுகுமாறனுக்கு எல்லாமே வரிசையா இருக்கணும். கப்புன்னா காது எல்லாம் ஒரே பக்கம் பாக்கணும். பையன் மாத்தி வெச்சான்னா பெல்ட்டு. அதுவும் கண்ட எடத்துல எல்லாம் அடிக்க மாட்டான், வெளிய தெரியாத எடமாப் பாத்துத்தான். கவனமான ஆளு. அது மலர்விழிக்குப் பிடிக்கல. பிள்ள வளக்கிறதுன்னா ஒரு தட்டு தட்டாமயா, நீயே சொல்லு.

சரி, அவன் வேலைக்கு வர்றேன். போலீஸ், தீயணைக்கிற பொம்பா, ஆஸ்பத்திரி, இமிகிரேசன், பதிவு இலாகா, வெல்ஃபேர். நாட்டுக்கு ஒரு ஆபத்து வந்தா இந்த ஆறு பேரும் ஓடி வரணும். வருவாங்க. ஆனா ஒவ்வொருத்தனுக்கும் தனி ஆபீஸ், தனித் தலைவன், தனி ரோசம். போலீஸ் கட்டுன கயித்த பொம்பா தாண்டலாமான்னு ஒரு சண்ட. அடிபட்டவன ஆஸ்பத்திரிக்காரன் தூக்குறதா, போலீஸ்காரன் மொதல்ல கேள்வி கேக்குறதான்னு இன்னொண்ணு. வாக்கிடாக்கியக்கூட ஆளுக்கு ஒரு அலையில வெச்சிருப்பான். இவங்கள ஒரே மேசையில உக்கார வெச்சு ஒரே மாதிரி யோசிக்க வெக்கிறதுதான் சுகுமாறனுக்கு வேல. குண்டு இல்லன்னு போலீஸ் சொல்ற வரைக்கும் மத்தவன் உள்ள போகக் கூடாது. போலீஸ் சொல்லிட்டா அந்த நிமிசத்துலருந்து எடம் பொம்பாவோடது. அப்புறம் டாக்டரோடது.

ஒருத்தர இன்னொருத்தருகிட்ட குடுக்கும்போது வாயத் தொறந்து சொல்லணும். நான் ஒப்படைக்கிறேன்னு இவன் சொல்லணும், நான் ஏத்துக்கிறேன்னு அவன் சொல்லணும். அது அவன் கொண்டாந்த முறை. கை மாறுற எடத்துலதான்ணே எல்லாம் கீழ விழுது, துப்பாக்கி நெறைய இருந்தும் நாடு தோக்குறது அங்கதான்னு சொல்லுவான். சும்மா சொல்லக் கூடாது, அவன் வேலையில அவன் கெட்டிக்காரன். ஆறு தலைவனும் அவன் பேச்சக் கேட்டான்.

போன வருசம் ஒரு பயிற்சி வெச்சாங்க. பயிற்சின்னா நாடகம் மாதிரி. இங்க பின்னாடி தெருவுல காலியாக் கெடக்குற கடைவீட்டுக்குள்ள தீவிரவாதி பூந்துட்டான், ஆளுங்களப் பிடிச்சு வெச்சிருக்கான். போலீஸ் உள்ள பாயணும், ஆளுங்கள மீட்டு ஒவ்வொரு கையா மாத்தி வெளிய கொண்டாரணும். கூட்டத்துல ஒரு பிள்ளையும் இருக்கு, அப்பா அம்மாவத் தொலைச்ச பிள்ள. அது கடைசியா வெல்ஃபேர் மேசைக்கு வரும். அங்க ஒரு சட்டம். நீ யாரோட வீட்டுக்குப் போறன்னு பிள்ளகிட்ட கேக்கணும். யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. பிள்ள தானா கை காட்டணும். காட்டுன ஆள சோதிச்சுப் பாத்துட்டுத்தான் பிள்ளய விடணும். இதையும் எழுதுனது சுகுமாறன்தான்.

அந்தப் பிள்ளையா கிஷனையே போட்டான்.

ஏன்னு கேளு. நாலு ஆம்பளைங்கள வரிசையா நிக்க வெப்பாங்க. அதுல ஒருத்தன் சுகுமாறன். பையன் ஓடி வந்து அப்பா கையப் பிடிப்பான். ஆறு இலாகாத் தலைவனும் பாப்பான், எல்லாம் வீடியோவுல இருக்கும். யாரும் எடுத்துக் குடுக்கல, பையனே வந்தான். வக்கீலு அத எடுத்துட்டுப் போய் ஜட்ஜ்கிட்ட போட்டுக் காட்டுனா மலர்விழி என்ன பேச முடியும்? மொத நாளு ராத்திரி சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டே சிரிச்சான் எங்கிட்ட. அவன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அவனும் பாவம்தான், அந்தப் பிள்ள தனக்குத்தான்னு ஊரு முன்னால ஒரு தடவ தெரியணும்னு ஆசப்பட்டான்.

நான் ஆளு சேக்குற வேல. அடிபட்டவன், அழுவுறவ, மயங்கி விழுறவன்னு கிள்ளான்லருந்து வேன் நெறைய கொண்டாந்தேன். தீவிரவாதி மட்டும் வரல. காய்ச்சலாம். அந்த நேரம் பாத்து இந்தக் கடையிலருந்து சாப்பாடு வருது. சோத்துப் பானயத் தோள்ல வெச்சுக்கிட்டு எறங்குறான் உங்க அண்ணன். நல்ல ஒசரம். நான்தான் உங்க முதலாளிக்கு போன் போட்டுக் கேட்டேன். எடுத்துக்கங்க பாஸ், சாயங்காலம் அனுப்பி விடுங்கன்னாரு.

உங்க அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. கறுப்புச் சட்ட போடுறப்பவும் சிரிக்கிறான், வாயில துணி கட்டுறப்பவும் சிரிக்கிறான். டேய், நீ கெட்டவன்டா, சிரிக்காதன்னேன். சரிண்ணே சரிண்ணேன்னு அதுக்கும் சிரிப்பு. ரப்பர் துப்பாக்கியக் கையில குடுத்தாங்க. பையன் காலரப் பிடிச்சு இழுத்து வெச்சிக்கணும், போலீஸ் பாயிற வரைக்கும் விடக் கூடாதுன்னு சுகுமாறன் சொல்லிக் குடுத்தான்.

நாங்க வெளிய கூடாரத்துல. உள்ள நடக்கிறது டிவியில தெரியுது. வெடிச் சத்தம் ஆரம்பிச்சிச்சு. வெறும் சத்தந்தான், ஆனா கட்டடமே அதிருது. கிஷனுக்குச் சத்தம்னா ஆகாது, தீபாவளிக்கே கட்டிலுக்கு அடியில பூந்துக்கிற பிள்ள. ஒடம்பு உதறுது, டிவியிலயே தெரியுது. சுகுமாறன் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறான். நிறுத்துங்கன்னு சொல்லல. பயந்தாத்தான் நல்லா ஓடி வருவான்னு நெனச்சிருப்பான்.

உங்க அண்ணன் என்ன செஞ்சான் தெரியுமா? துப்பாக்கியக் கீழ வெச்சிட்டான். முட்டி போட்டு உக்காந்து, பையன் காத ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டான். அப்படியே தன் நெஞ்சோட சாச்சுக்கிட்டான்.

போலீஸ் கதவ ஒடச்சிட்டு உள்ள பாயுது, அத்தன பேரும் துப்பாக்கிய நீட்டிக்கிட்டு. பாத்தா தீவிரவாதி பிள்ளைக்குக் காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கான். அவனுங்களுக்கு என்ன செய்யிறதுன்னே தெரியல. அப்புறம் பயிற்சி பயிற்சிதானே, குப்புறப் போட்டு, மொகத்துத் துணிய அவுத்து, கையப் பின்னால இழுத்து, பிளாஸ்டிக் பட்டயப் போட்டு இறுக்குனாங்க. கூடாரத்துல ஒரு பெரிய அதிகாரி, உங்க தீவிரவாதி நல்லாத் தாலாட்டுவான் போலிருக்கேன்னு மலாய்ல சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சுகுமாறனும் சிரிச்சான். கழுத்து நரம்பு மட்டும் பொடச்சி நின்னுச்சு.

அப்புறம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. போலீஸ் ஒப்படைக்கிறேன்னான், பொம்பா ஏத்துக்கிறேன்னான். பொம்பா ஒப்படைச்சு டாக்டரு ஏத்துக்கிட்டாரு. பையன் ஒவ்வொரு கையா மாறி வெல்ஃபேர் மேசைக்கு வந்துட்டான். மேசைக்குப் பின்னாடி ஒரு மலாய்க்கார அம்மா, நல்ல பொறுமசாலி. நீ யாரோட வீட்டுக்குப் போறன்னு கேட்டாங்க. நாலு பேரு வரிசையா நிக்கிறாங்க. சுகுமாறன் இஸ்திரி போட்ட சட்டையோட நிக்கிறான், கைய லேசா முன்னாடி நீட்டிக்கிட்டு.

பையன் அவன் மொகத்தப் பாத்தான். அடுத்தவனப் பாத்தான். நாலு பேரையும் பாத்துட்டு, சுவத்தோரமா கை கட்டி உக்கார வெச்சிருந்த உங்க அண்ணனப் பாத்துக் கை நீட்டுனான்.

அந்த மாமா.

மொதல்ல சிரிச்சாங்க. வெல்ஃபேர் அம்மா சிரிக்கல. ஏன்னு கேக்கணும்னு சட்டம், கேட்டாங்க. காதப் பொத்துனாருன்னு சொன்னான். அப்புறம் யாரும் சிரிக்கல.

பெரிய அதிகாரி சொன்னாரு, பரவால்ல, சின்னப் பிள்ளதானே, மறுபடி ஒரு தடவ எடுப்போம்னு. சுகுமாறன் வேணாம்னுட்டான். குரல ஏத்தக்கூட இல்ல. பிள்ள ஒரு ஆளக் காட்டிருச்சு, காட்டுன ஆள சோதிக்கணும், அதான் சட்டம், சோதிங்கன்னான். இமிகிரேசன்ல ஒரு சின்னப் பொண்ணு கம்ப்யூட்டரோட உக்காந்திருந்துச்சு. பயிற்சிக்குன்னு ஒரு பொய்ப் பேரு குடுத்திருந்தாங்க, அத அடிக்கப் போச்சு. நெசப் பேர அடிங்கன்னான். அது தயங்குச்சு. அவன் கூடாரத்து மேல கட்டியிருந்த துணியக் காட்டுனான். லத்தீஹான் மாச்சாம் பெத்துல். பயிற்சின்னா நெசம் மாதிரி. அவனே எழுதித் தொங்க விட்டது.

உங்க அண்ணன் என்ன சொன்னான்கிற? பெர்மிட்டு பாக்கெட்டுல இருக்கு மேடம், எடுத்துக்கங்கன்னான். அவனுக்கு என்ன பயம்? பெர்மிட்டு உயிரோடதான் இருந்துச்சு. ஆனா அதுல போட்டிருந்தது கிள்ளான் கட, வேற கடையில வேல செஞ்சா குத்தம். இங்க ஆள் பத்தலன்னு உங்க முதலாளி தற்காலிகமா மாத்தி விட்டிருந்தாரு. இந்த ஊர்ல எந்தக் கடையில நடக்கல அது? எல்லாரும் செய்யிறதுதான். ஆனா எல்லாரும் ஆறு இலாகாவுக்கு நடுவுல, காமெரா ஓடிக்கிட்டிருக்கிறப்ப உக்காந்திருக்க மாட்டாங்களே.

இப்ப அந்தக் கதவு எப்படிச் சாத்துதுன்னு பாரு. இமிகிரேசன் பொண்ணு திரையில வந்ததப் படிச்சுச்சு, அவ்ளோதான். பதிவு இலாகாக்காரன் கடை விலாசம் வேறன்னு ஆமா போட்டான், அவ்ளோதான். போலீஸ் அவன் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னான். டாக்டரு ஒடம்பு நல்லா இருக்குன்னாரு. வேன் போறதுக்கு பொம்பாக்காரன் தடுப்ப நகத்தி விட்டான். வெல்ஃபேர் அம்மா பையன் பாக்க வேணாம்னு அவன் மொகத்தத் திருப்புனாங்க. எதுல தப்புங்கிற? ஒண்ணுலயும் இல்ல. நான் ஒப்படைக்கிறேன், நான் ஏத்துக்கிறேன். அவ்வளவு சுத்தமா ஆறு இலாகாவும் சேர்ந்து வேல பாத்து இந்த நாட்டுல யாரும் பாத்திருக்க மாட்டாங்கன்னு அப்புறம் பாராட்டுனாங்க. சுகுமாறனும் ஒண்ணும் செய்யல. ஒருங்கிணைச்சான்.

அந்தப் பிளாஸ்டிக் பட்டயக்கூட மாத்தல தம்பி. நாடகத்துக்குப் போட்டது அப்படியே நெசத்துக்கும் ஆச்சு.

வேடிக்க பாக்க வந்த சனம் கை தட்டுச்சு, இதுவும் பயிற்சின்னு நெனச்சு. உங்க அண்ணனும் அப்படித்தான் நெனச்சான். வேன்ல ஏறுறப்ப என்னப் பாத்து, சாயங்காலம் கடையில ஆள் இல்லண்ணே, சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கன்னான். சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னான். கதவு சாத்துனதுக்கு அப்புறந்தான் உள்ளருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சு.

மிச்சம் உனக்குத் தெரியும். இமிகிரேசன் கேம்ப்ல அடைச்சு வெச்சிருந்தாங்க, அப்புறம் ஊருக்கு ஏத்தி விட்டாங்க. இனி இந்த நாட்டுக்குள்ள வர முடியாது. இப்ப என்ன செய்யிறான்? ஒண்ணும் செய்யலயா. ம்ம்.

டேய், கண்ணத் தொடச்சிக்க. மேசத் துணியாலயா தொடைப்பாங்க.

அன்னிக்கு வீட்டுக்குப் போறப்ப நான்தான் காரு ஓட்டுனேன். பின்னாடி அப்பனும் மகனும். அந்த மாமா எங்கப்பான்னு கேட்டான் கிஷன். சுகுமாறன் கோவப்படல. தலையத் தடவிக் குடுத்து, நீ கை காட்டுனல்ல, அதான் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னான். அவ்ளோதான் சொன்னான். அப்புறம் பெல்ட்டே எடுக்கல அவன். எடுக்க வேண்டி வரல.

அதுக்கப்புறம் கோர்ட்டு. அந்த மாதிரி வழக்குல ஜட்ஜ் அம்மா பிள்ளய மட்டும் தனி ரூம்ல கூட்டிட்டுப் போய்க் கேப்பாங்க. அன்னிக்கும் நான்தான் கார்ல கொண்டு போனேன். முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு வந்தான். பாதி வழியில கேட்டான், பெரியப்பா, நான் அம்மான்னு சொன்னா அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருவாங்களான்னு.

நான் என்ன சொல்லட்டும்? பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது. தெரியலப்பான்னேன்.

உள்ள போனான். அப்பாகூட இருக்கேன்னு சொல்லிட்டு வந்தான். மலர்விழி வெளிய பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. விசயத்தச் சொன்னாங்க. பையன் காலையில சாப்பிட்டானான்னு மட்டும் எங்கிட்ட கேட்டுச்சு. சாப்பிட்டான்னேன். ஜட்ஜ் அம்மாவுக்கு என்ன தோணுச்சோ, இப்போதைக்கு அப்பாகிட்ட இருக்கட்டும், அடுத்த வருசம் இன்னொரு தடவ கேக்குறேன்னு எழுதிட்டாங்க.

அந்த அடுத்த வருசம் வந்துருச்சு. வர்ற வியாழக்கெழம.

உங்கிட்ட ஏன் சொல்றேன்னுதானே பாக்குற. ஞாயித்துக்கெழம சுகுமாறன் இங்க சாப்பாடு பொங்குஸ் கட்டி வாங்கிட்டுப் போக வந்தான். மழ. ஒரு வெள்ளக் காரு, நீ கொடையப் பிடிச்சிக்கிட்டு ஓடி வந்து ஜன்னல் வழியா பொட்டலத்த நீட்டுன, ஞாபகம் இருக்கா? பின்னாடி சீட்டுல ஒரு பையன் உன்னயே பாத்துக்கிட்டிருந்தான். நீ சிரிச்ச. நீ சும்மாதான் சிரிச்ச, எனக்குத் தெரியும். ஆனா அவன் கண்ணுக்கு நீ இர்ஃபான் இல்ல. அச்சு அசல் உங்க அண்ணன். அந்த மாமா வந்துட்டாருங்கிறான். கூட்டிட்டுப் போனவங்க திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்களாம். அப்ப யாரக் காட்டுனாலும் திரும்பி வந்துருவாங்க, அதுதான் அவன் முடிவு. வீடு வர்ற வரைக்கும் வாய் ஓயாமப் பேசிக்கிட்டு வந்தானாம். ஒரு வருசமா அவன் அப்படிப் பேசி யாரும் கேக்கல.

காரு எதுருல நிக்கிது பாரு, அதேதான். கிஷன் உள்ள இருக்கான். சுகுமாறன் இல்ல, ஆபீஸ்ல இருக்கான். நீ கொடைய எடுத்துட்டுப் போய் ஜன்னலத் தட்டு. நான் ஜமால் இல்ல தம்பி, அவரோட தம்பி, அவரு போனவரு போனவருதான், இனிமே வர மாட்டாருன்னு சொல்லு. ஒரு வார்த்த பொய் சொல்லச் சொல்றேனா? எல்லாம் உண்மதானே.

மாட்டேன்னா ஒண்ணும் ஆகாது. நான் லோரிக்காரன், என்னால என்ன ஆகும். உன் பெர்மிட்டும் சரியாத்தான் இருக்கு, பிரிக்பீல்ட்ஸ் கடைன்னே போட்டிருக்கு. உங்க முதலாளி இந்தத் தடவ கவனமா இருந்திருக்காரு. எங்களுக்கு எப்படித் தெரியும்னா? பாத்தோம்.

என்ன, இன்னும் நிக்கிற? பையன் வேற எதாச்சும் சொன்னானான்னா கேக்குற? சொன்னான். ஞாயித்துக்கெழம சோறு தின்னுக்கிட்டே அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டான். வியாழக்கெழம ஜட்ஜ் அம்மா கேட்டா, அம்மாகூடப் போறேன்னு சொல்லப் போறானாம்.